பால் புரதத் துணுக்கால் வலிப்பு அடங்குமா?

உங்கள் தம்பிக்கு 17 வயது. நான்கு ஆண்டுகளாக வலிப்பு. காலையும் இரவும் வால்ப்ரோயேட், லெவெடிரசெட்டம் என்று இரண்டு மாத்திரைகள். அப்படியும் மாதத்தில் ஒன்றிரண்டு முறை வந்துவிடுகிறது. பகலெல்லாம் மந்தமாக இருக்கிறான், ஒரு சொல் கூடினால் எரிந்து விழுகிறான். இந்த நேரத்தில் பாலிலிருந்தும் சோயாவிலிருந்தும் பிரித்தெடுக்கும் பெப்டைடுகள் வலிப்பைக் கட்டுப்படுத்துகின்றன என்ற செய்தி உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அதைச் சொல்லியே ஒருவர் பவுடர் விற்கவும் வந்திருக்கிறார். ‘இது உண்மையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது கடைசி வரியில் இருக்கிறது: இதைக் கொடுத்துவிட்டு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா? அதற்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. செய்தி பொய்யில்லை. அதற்கும் உங்கள் தம்பிக்கும் நடுவே யாரும் இன்னும் கடக்காத தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் எப்படிப்பட்டது என்பதைத்தான் விளக்கப் போகிறேன்.

நான் மருந்தியல் படித்தவன். வலிப்பு மருந்துகளை எலிகளிலும் சுண்டெலிகளிலும் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் நரம்பியல் மருத்துவன் அல்லன். ஆகவே ஆய்வுக்கூடத்துச் செய்தியை எப்படி வாசிப்பது என்பதில் என் சொல்லை நம்பலாம். தம்பியின் மாத்திரை அளவைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர் அவனைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட மணிமாலை என்றால், அதிலிருந்து அறுந்து விழும் இரண்டு மணி, மூன்று மணி, பத்து மணித் துண்டுகள்தான் பெப்டைடுகள். பெப்டைடால் வலிப்பை அடக்க முடியுமா என்று பொதுவாகக் கேட்டால், முடியும். ஐயமே இல்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகைக் கொடிய வலிப்பில், குழந்தை திடீர் திடீரென்று உடலை மடக்கிக் குலுங்கும். அதற்கு இன்றும் கொடுக்கப்படும் முதன்மை மருந்துகளுள் ஒன்று ஏசிடிஎச் என்ற ஹார்மோன். அது 39 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. பெல்ஜியம் நாட்டு மருத்துவர்கள் 1958-இலேயே அதன் பலனைக் கண்டு எழுதினார்கள். நம் மூளையே நியூரோபெப்டைடு ஒய், கலானின், சொமாட்டோஸ்டாட்டின் போன்ற பெப்டைடுகளைச் சுரந்து, மிதமிஞ்சிக் கொதிக்கும் நரம்பணுக்களைத் தணித்துக்கொள்கிறது. ஆக, கருத்து கேலிக்குரியது அல்ல. ஆனால் ஏசிடிஎச் ஊசியாகத்தான் போடப்படுகிறது, வாய்வழியாக அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

நீங்கள் படித்த செய்தியின் மூலம் பெரும்பாலும் ஆல்பா-கேசோசெபின் என்ற பெப்டைடாக இருக்கும். பால் குடித்த குழந்தை அமைதியாகக் கண்ணயர்வதைப் பார்த்த பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள், பாலிலேயே ஏதாவது பொருள் அந்த வேலையைச் செய்கிறதா என்று தேடினார்கள். பசும்பாலின் முக்கியப் புரதங்களில் ஒன்றான ஆல்பா-எஸ்1 கேசினை டிரிப்சின் என்ற செரிமான நொதியால் வெட்டினார்கள். கிடைத்த துண்டுகளில் ஒன்று, அந்தப் புரதத்தின் 91-ஆவது முதல் 100-ஆவது வரையிலான பத்து அமினோ அமிலங்கள், மூளையில் டயாசெபாம் போன்ற பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் அதே இடத்தில் ஒட்டுவது தெரிந்தது. அந்த இடத்தில் ஒட்டும் பொருள் பயத்தையும் குறைக்கலாம், வலிப்பையும் குறைக்கலாம். எலிகளுக்குப் பென்டிலின்டெட்ரசோல் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து வலிப்பை வரவழைத்து, கேசினை வெட்டிக் கிடைத்த கலவையைச் செலுத்திப் பார்த்தபோது வலிப்பின் வேகம் குறைந்தது. 2001-இல் இது வெளியானது. அதற்குப் பிறகு அந்தக் கலவை மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்குமான துணையுணவாகச் சந்தைக்கு வந்தது. வெளிநாடுகளில் மிரளும் பூனைக்கும் நாய்க்கும்கூட விற்கிறார்கள். வலிப்புக்கு மருந்தாக எந்த நாடும் அதை ஏற்கவில்லை.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் எழுப்ப வேண்டிய கேள்விகளும் உண்டு. ஒன்று, ஒட்டும் வலிமை. சோதனைக் குழாயில் பார்த்தால் டயாசெபாமைவிட இது பல ஆயிரம் மடங்கு தளர்வாகத்தான் ஒட்டுகிறது. அவ்வளவு தளர்வாக ஒட்டும் பொருள் எலியின் உடலில் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்ததே எப்படி என்பது இன்னும் தெளிவாகவில்லை. இன்னொன்று, தாய்ப்பால் பற்றியது. விளம்பரங்கள் எல்லாம் தாய்மடியில் உறங்கும் குழந்தையைக் காட்டுகின்றன. தாய்ப்பாலில் ஆல்பா-எஸ்1 கேசின் மிகச் சிறிதளவே இருக்கிறது. அதன் அமினோ அமில வரிசையும் பசுவினுடையதிலிருந்து வேறுபட்டது. தாய்ப்பால் குடித்த குழந்தை உறங்குவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன: வயிறு நிறைந்திருக்கிறது, அம்மாவின் மேல் கிடக்கிறது. மூன்றாவதுதான் பெரியது. அந்த எலிகளுக்குக் கலவை வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்தப்பட்டது. எலிகள் அதைக் குடிக்கவில்லை.

குடித்தால் என்ன ஆகும்? அளவு ஒரு தடை அல்ல. ஒரு லிட்டர் பசும்பாலில் ஆல்பா-எஸ்1 கேசின் சுமார் 10 கிராம் இருக்கிறது. 199 அமினோ அமிலங்களில் பத்துதான் நமக்கு வேண்டியது என்பதால், ஒன்று விடாமல் வெட்டி எடுத்தால் அரை கிராம் கிடைக்கும். அது மருந்து அளவுதான். சிக்கல், அது உயிர்தப்புமா என்பதில். அந்தப் பத்தில் நான்கு லூசின், இரண்டு டைரோசின். வயிற்றின் பெப்சினும் கணையத்தின் கைமோடிரிப்சினும் விரும்பி வெட்டும் இடங்கள் இவையே. ஆய்வாளர் டிரிப்சினை மட்டும் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தலாம். நம் குடல் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை, எல்லா நொதிகளும் ஒன்றாக வந்து விழும். தப்பிப் பிழைத்தாலும் அடுத்த வாசல் குறுகலானது. குடல் சுவரில் பெப்டைடுகளை உள்ளிழுக்கும் முக்கியக் கடத்தி இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலத் துண்டுகளைத்தான் ஏற்கும். அதைவிட நீளமானவை செல்களின் இடுக்கு வழியாகச் சிறிதளவு கசியலாம். அதைத் தாண்டி ரத்தத்தில் இருக்கும் நொதிகள் சில நிமிடங்களிலேயே வெட்டத் தொடங்கும். கடைசியில் மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையிலான தடுப்பு.

இது எவ்வளவு கடினமான பாதை என்பதற்கு மருந்துத் தொழிலே சாட்சி. நீரிழிவுக்கான செமாகுளூட்டைடு ஒரு பெப்டைடு. அதை மாத்திரையாக்க வயிற்றில் அதைக் காக்கும் தனிப் பொருள் ஒன்றைச் சேர்த்தார்கள். வெறும் வயிற்றில், சிறிது தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அத்தனைக்குப் பிறகும் விழுங்கியதில் சுமார் 1 விழுக்காடுதான் ரத்தத்துக்குப் போகிறது. நத்தை நஞ்சிலிருந்து வந்த சிகோனோடைடு என்ற வலிநிவாரணப் பெப்டைடை முதுகுத்தண்டு நீரிலேயே குழாய் வைத்துச் செலுத்துகிறார்கள். வேறு வழியில்லை. இத்தனை முதலீடும் பொறியியலும் செய்தும் படாத பாடு படும் பாதையை, பாலில் கரைத்துக் குடிக்கும் ஒரு கரண்டிப் பவுடர் எளிதாகக் கடந்துவிடும் என்று யாராவது சொன்னால், ரத்தத்தில் எவ்வளவு போனது, அளந்தீர்களா என்று கேளுங்கள். இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் மறுமொழியையும் சொல்லிவிட வேண்டும். பெரிய துண்டு உடைந்தாலும் அதில் பிறக்கும் சிறிய துண்டுகளும் வேலை செய்யலாம். அல்லது மூளைக்குப் போகாமலேயே, குடல் நரம்புகள் வழியாகவும் குடல் நுண்ணுயிர்கள் வழியாகவும் செய்தி அனுப்பலாம். இரண்டும் நடக்கக்கூடியவைதான். வலிப்பைப் பொறுத்தவரை இரண்டும் இன்னும் ஊகங்களே.

பாலைவிட எனக்குச் சுவாரசியமான எடுத்துக்காட்டு கார்னோசின். ரஷ்ய வேதியியலாளர் குலெவிச் 1900-இல் இறைச்சிச் சாற்றில் கண்டுபிடித்தது. இரண்டே அமினோ அமிலங்கள் கொண்டது, ஆகவே குடல் வாசலில் நுழைவதில் தடையில்லை. சீன ஆய்வாளர்கள் எலிகளில் இதைச் சோதித்து வலிப்பைக் குறைப்பதைக் காட்டினார்கள். கார்னோசின் உடைந்து ஹிஸ்டிடின் ஆகி, அது மூளையில் ஹிஸ்டமின் ஆகி, வலிப்பைத் தணிக்கிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் மனித ரத்தத்தில் கார்னோசினேஸ் என்ற நொதி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கார்னோசினை வெட்டுவதே அதன் வேலை. எலியின் ரத்தத்தில் அந்த நொதி கிடையாது. எலிக்குள் நீண்ட நேரம் நிலைக்கும் பொருள் நமக்குள் சில மணி நேரத்தில் காணாமல் போகிறது. அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். எலிச் சோதனைகளில் உடல் எடையில் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கொடுக்கப்படுகிறது. 500 என்று வைத்துக்கொண்டு, எலியிலிருந்து மனிதனுக்கு மாற்றும் வழக்கமான வாய்பாட்டைப் போட்டால் (கிலோவுக்கான அளவை ஏறத்தாழ ஆறால் வகுப்பது), 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் வரும். 100 கிராம் மாட்டிறைச்சியில் கார்னோசின் ஏறத்தாழ 300 மில்லிகிராம். நாள் தவறாமல் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இறைச்சி தின்ன வேண்டும். தின்றாலும் அந்த நொதி காத்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை: அந்த நொதி பிறவியிலேயே குறைந்து, ரத்தத்தில் கார்னோசின் மிகுந்திருந்த சில குழந்தைகளை 1960-களில் மருத்துவ இதழ்கள் பதிவு செய்தன. அவர்களுக்கு வலிப்பு இருந்தது. இரண்டுக்கும் தொடர்புண்டா, தற்செயலா என்பது வேறு விவாதம். ‘உடம்பில் கார்னோசின் ஏறினால் வலிப்பு இறங்கும்’ என்ற எளிய சூத்திரம் நிற்காது என்பது மட்டும் தெரிகிறது.

சோயா, வாதுமை, மீன் புரதங்கள் பற்றிய செய்திகள் இன்னும் தொலைவில் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இவ்வளவுதான் சொல்கின்றன: இந்தப் பெப்டைடு அழற்சியைக் குறைக்கிறது, அழற்சி வலிப்போடு தொடர்புடையது, எனவே இது வலிப்புக்கும் உதவக்கூடும். அந்த ‘கூடும்’ தலைப்புக்கு வரும்போது உதிர்ந்துவிடுகிறது.

எலிச் சோதனை என்றாலே உதறிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். உங்கள் தம்பி விழுங்கும் இரண்டு மாத்திரைகளின் வரலாறே இதற்கு விடை. வால்ப்ரோயிக் அமிலம் 1882-லேயே தயாரிக்கப்பட்டு, நெடுங்காலம் வேறு பொருள்களைக் கரைக்கும் திரவமாகக் கிடந்தது. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சில் ஓர் ஆய்வாளர் தன் மருந்துகளை அதில் கரைத்து, அதே பென்டிலின்டெட்ரசோல் வலிப்பில் சோதித்தார். எல்லா மருந்தும் வேலை செய்தது. பிறகுதான் புரிந்தது, வேலை செய்தது மருந்தல்ல, கரைத்த திரவம் என்று. லெவெடிரசெட்டம் இதற்கு நேர்மாறு. வழக்கமான மின்னதிர்ச்சிச் சோதனையிலும் பென்டிலின்டெட்ரசோல் சோதனையிலும் அது தோற்றது. அந்த இரண்டையும் மட்டும் நம்பியிருந்தால் இன்று உலகம் முழுவதும் எழுதப்படும் அந்த மருந்து குப்பைக்குப் போயிருக்கும். ஆகவே ஒரு சோதனையில் வென்றது மருந்தாகிவிடாது, தோற்றது பயனற்றதாகிவிடாது. எலி நமக்குச் சொல்வது ‘மேலே போய்ப் பார்’ என்பது மட்டும்.

‘எதுவாக இருந்தாலும் உணவுதானே, கெடுதல் செய்யாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வலிப்பு நோயில் இந்த நம்பிக்கை ஆபத்தானது. ஆய்வுக்கூடங்களில் எலிக்கு வலிப்பை உண்டாக்க நாங்கள் பயன்படுத்தும் கெய்னிக் அமிலம் ஒரு கடற்பாசியில் இருந்து வந்தது. ஜப்பானில் அந்தப் பாசியைக் குடற்புழு நீக்கக் கொடுத்துவந்தார்கள். அதன் நெருங்கிய உறவான டொமோயிக் அமிலம் ஏறிய சிப்பிகளைத் தின்று, 1987-இல் கனடாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சிலர் இறந்தார்கள், சிலருக்கு நினைவு போயிற்று, சிலருக்கு வலிப்பு வந்தது. ஒருவருக்குப் பிறகு அது நிரந்தர வலிப்பு நோயாகவே மாறியது. நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் நட்சத்திரப் பழம் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு விடாத விக்கலையும் வலிப்பையும் தரும். இவை பெப்டைடுகள் அல்ல, தனி அமினோ அமிலங்களும் அவற்றை ஒத்தவையும்தான். உணவில் இருக்கும் ஒரு சிறு மூலக்கூறு மூளையை எட்டினால் தணிக்கவும் செய்யும், கிளறவும் செய்யும். எட்டாத பொருள் தீங்கும் செய்யாது, நன்மையும் செய்யாது. பவுடர் விற்பவர் மூளையில் வேலை செய்யும் என்றும் பக்கவிளைவே இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்வதை அதனால்தான் நான் நம்புவதில்லை.

பிறகு எதை நம்புவது? இயற்கையிலிருந்து வந்த ஒரு பொருள் வலிப்பு மருந்தாகிய முறைக்குக் கண்ணெதிரே ஒரு சான்று இருக்கிறது. கஞ்சாச் செடியின் கேனபிடயால். டிராவெட் நோய்க்குறி என்ற கடும் வலிப்பு உள்ள 120 குழந்தைகளையும் இளைஞர்களையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தூய கேனபிடயாலும் மறு பாதிக்கு வெற்றுத் திரவமும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களிடம் மாத வலிப்பு எண்ணிக்கையின் நடு அளவு 12.4-இலிருந்து 5.9-ஆக இறங்கியது. மற்றவர்களிடம் 14.9 என்பது 14.1 ஆனது. 2017-இல் இது வெளியானது, 2018-இல் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. பழைய மாத்திரைகளை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கவில்லை, அவற்றோடு சேர்த்தே கொடுத்தார்கள். தூக்கக் கலக்கம், ஈரல் நொதி உயர்வு போன்ற பக்கவிளைவுகளும் வந்தன, ஈரல் நொதி உயர்வு குறிப்பாக வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்களுக்கு. உணவுப் பெப்டைடுகளில் எதற்கும் இப்படியொரு சோதனை வலிப்பு நோயாளிகளிடம் நடந்து பலன் நிறுவப்படவில்லை. அப்படி ஒன்று வந்தால் என் பதிலை மாற்றிக்கொள்வேன். இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. பிரேசில் நாட்டுப் பாம்பு ஒன்றின் நஞ்சில் இருந்த பெப்டைடை முன்மாதிரியாக வைத்துத்தான் ரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில் மாத்திரை வடிவமைக்கப்பட்டது. மாத்திரையில் பாம்பு நஞ்சு கிடையாது. பால் பெப்டைடும் ஒருநாள் அப்படி ஒரு மருந்துக்கு அச்சாக அமையலாம் என்பதே என் கணிப்பு. பவுடராக வெல்லும் என்று தோன்றவில்லை.

உணவால் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியாது என்று இதற்குப் பொருளில்லை. முடியும், ஆனால் புரதத் துணுக்கால் அல்ல, கொழுப்பால். கீட்டோஜெனிக் உணவுமுறை 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்தது. மாவுச்சத்தை ஏறக்குறைய நீக்கி, கொழுப்பையே எரிபொருளாக்கினால் மூளையின் கொதிப்பு தணிகிறது. லண்டனில் 145 குழந்தைகளிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட சோதனையில், மூன்று மாதத்தில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. வழக்கமான உணவில் இருந்தவர்களில் 6 விழுக்காடுதான். இதன் சற்றே தளர்ந்த வடிவமான மாற்றியமைத்த அட்கின்ஸ் உணவை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நம் நாட்டுக் குழந்தைகளிடம் சோதித்து, 2013-இல் நல்ல பலனைக் காட்டினார்கள். ஆனால் இது வீட்டில் நாமே தொடங்கும் பத்தியம் அல்ல. நாள் முழுவதற்கும் மாவுச்சத்து 10 முதல் 20 கிராம். இரண்டு இட்லியிலேயே அது தீர்ந்துவிடும். சிறுநீரகக் கல், மலச்சிக்கல், கொலஸ்டிரால் உயர்வு வரலாம். கொழுப்பை எரிப்பதில் பிறவிக் கோளாறு உள்ள சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால்தான் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பதின்ம வயதுப் பையன் சோறும் தோசையும் இல்லாமல் மாதக்கணக்கில் இருப்பானா என்பதையும் யோசியுங்கள். இருப்பான் என்றால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அந்தப் பவுடர்களில் பலவற்றில் சர்க்கரை சேர்ந்திருக்கும், அது இந்த உணவுமுறையைக் குலைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது, பவுடரைக் கொடுத்து மாத்திரையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது. வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் குறைப்பதும், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓயாமல் தொடரும் வலிப்புக்கு நாம் அறிந்த முக்கியக் காரணங்களில் ஒன்று. அது உயிர் போகும் நிலை. சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்: வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர், வேறு காரணம் எதுவும் தெரியாமல், பெரும்பாலும் உறக்கத்தில், திடீரென்று இறந்துபோகிறார். உடல் முழுவதும் வெட்டியிழுக்கும் வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். மாத்திரை மந்தத்தை மட்டும் தருவதில்லை, இதிலிருந்தும் காக்கிறது. மறுபக்கமும் ஒன்று உண்டு. பவுடர் ‘வேலை செய்தாலும்’ எச்சரிக்கையாக இருங்கள். வலிப்புக்கு மூலிகை மருந்து என்று நம் நாட்டில் விற்கப்பட்டவற்றில் ஃபீனோபார்பிடோன் என்ற பழைய ஆங்கில வலிப்பு மருந்து கலந்திருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. மூன்றே நாளில் வலிப்பு நின்றுவிட்டது, ஆனால் பையன் தூங்கிக்கொண்டே இருக்கிறான் என்றால் அது பெப்டைடின் பெருமையாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த டப்பா தீர்ந்து இரண்டு நாள் இடைவெளி விழுந்தால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும்.

அவனுடைய மந்தமும் கோபமும் உங்களைத் துன்புறுத்துகின்றன என்பது புரிகிறது. அதற்குத் தீர்வு உண்டு, பவுடர் இல்லாமலே. எரிந்து விழுவது லெவெடிரசெட்டத்தின் பலரும் அறிந்த பக்கவிளைவு. அவன் குணம் கெட்டுவிட்டதாக வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம். மருத்துவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் வலிப்பின் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். மருந்தை மாற்ற, அளவைப் பிரிக்க, மனநிலைக்கு உதவ அவரிடம் வழிகள் இருக்கின்றன. அதைவிட முக்கியமான வேறொரு கேள்வியையும் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் புதிதாக மருந்து தொடங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 விழுக்காடு, இரண்டாவதில் 13 விழுக்காடு, மூன்றாவதில் வெறும் 1 விழுக்காடு. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகள், சரியான அளவில், தவறாமல் சாப்பிட்டும் நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று வகைப்படுத்துகிறார்கள். உங்கள் தம்பி அந்த நிலையில் இருக்கிறானா? அல்லது அவன் வலிப்பின் வகைக்கு இந்த மருந்துகள் பொருந்தவில்லையா, அளவு போதவில்லையா, இரவில் கண்விழித்துப் படிக்கிறானா, மாத்திரை தவறுகிறதா? இதைப் பிரித்தறிவது முதல் வேலை.

அடங்காத வகைதான் என்று தெரிந்தால், வலிப்பு நோய்க்கெனத் தனிப் பிரிவு உள்ள மருத்துவமனையில் வீடியோ இஇஜியும் (மூளையின் மின்னலைகளை வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்வது), வலிப்புக்கென்று எடுக்கும் விரிவான எம்ஆர்ஐயும் பார்க்க வேண்டும். வலிப்பு மூளையின் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது, அந்த இடத்தை எடுத்தாலும் பேச்சும் கை காலும் பாதிக்காது என்றால் அறுவை சிகிச்சை செய்யலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் குடும்பங்கள் அஞ்சுகின்றன. டெல்லி எய்ம்ஸில் 18 வயதுக்கு உட்பட்ட 116 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 77 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் வலிப்பே இல்லை. மாத்திரையோடு மட்டும் இருந்தவர்களில் 7 விழுக்காடு. அறுவைக்குப் பிறகு சிலருக்குக் கை கால் பலவீனம் போன்ற பாதிப்புகளும் நேர்ந்தன, அதையும் மறைக்கக் கூடாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இந்த அறுவை நடக்கிறது. ஆகவே தொலைவும் ஒரு சாக்கு இல்லை. எல்லாருக்கும் இது பொருந்தாது. பொருந்துமா என்று பார்க்கவே இல்லை என்பதுதான் வருத்தம். பவுடருக்கு மாதந்தோறும் செலவிட நினைத்த பணத்தை இந்தப் பயணத்துக்கு ஒதுக்குங்கள் என்பேன். போகும்போது வலிப்பு வந்த தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான் என்ற குறிப்பையும், முடிந்தால் வலிப்பின்போது கைப்பேசியில் எடுத்த வீடியோவையும் கொண்டு போங்கள். அந்த நேரத்தில் கையில் சாவியைத் திணிக்க ஓடாமல், ஒருவர் அவனை ஒருபக்கமாகப் படுக்க வைக்கட்டும், இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துப் படம் எடுக்கட்டும்.

பாலையே நிறுத்திவிடலாமா என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒவ்வாமை இல்லாத வரை பாலும் தயிரும் அவனுக்கு நல்ல உணவு. கேசோசெபினுக்காகக் கூடுதலாகக் குடிக்கவும் வேண்டியதில்லை, பயந்து குறைக்கவும் வேண்டியதில்லை. சோயா, மீன், முட்டை, கொண்டைக்கடலை எல்லாம் அப்படியே. பின்னாளில் மருத்துவர் கார்பமசெபின் எழுதினால் கிரேப்ஃப்ரூட் பழத்தையும் அதன் சாற்றையும் தவிர்க்க வேண்டியிருக்கும், அது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும். இப்போது அவன் சாப்பிடும் இரண்டுக்கும் அந்தத் தடை இல்லை. பவுடரை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், திறக்காமல் டப்பாவோடு அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், எத்தனை நாளாக, எவ்வளவு என்பதை மறைக்காமல் இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். அதில் வேறு மருந்து கலந்திருக்கும் வாய்ப்பு இருப்பதால், நிறுத்தும் முறையையும் அவரே சொல்லட்டும்.